அவருக்கும் தெரியாத பெட்டி

…எதில் இருக்கிறதென்று எனக்கும் தெரியாது என்று இன்டர்வியூ எடுத்தவர் சொன்னாரே, அதை எதற்குச் சொன்னார், சும்மா சொல்வாரா, ரயில் வியாசர்பாடியைத் தாண்டும்போதுதான் நாகவல்லிக்கு அது உறைத்தது, உறைத்ததும் ஜன்னல் கம்பியில் சாய்த்திருந்த தலையை எடுத்தாள், மறுபடி சாய்த்துக்கொண்டாள், இனிமேல் உறைத்து என்ன. மூன்று பெட்டி. ஒன்றில் வேலை உத்தரவு, மற்ற இரண்டும் காலி. நீ ஒன்றைத் தொடுகிறாய், அவர் மிச்சத்தில் ஒன்றைத் திறக்கிறார், காலி. தொட்டதிலேயே நிற்பாயா, இன்னொன்றுக்கு மாறுவாயா? கேள்வி அவளுக்கு மாடிப்படியிலேயே கிடைத்துவிட்டது. உள்ளே போய் வந்தவர்கள் காத்திருப்பவர்களிடம் கேள்வியைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள், எந்தக் கம்பெனி வாசலிலும் அதுதான் வழக்கம், சொல்லாமல் போகிறவளுக்கு அடுத்த இன்டர்வியூவில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். இவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்த சிநேகிதி ரோஸி சொல்லாமல் போகிறவள் இல்லை. "பொட்டிக் கணக்குதாண்டி. மாத்திக்கிறேன்னு சொல்லு, மூணுல ரெண்டு பங்கு சான்ஸுன்னு சொல்லு, அவ்ளோதான், அந்தாளு தலையாட்டிடுவான்."

தலையாட்டத்தான் செய்தார். அவர் முடிப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள், மாறுவேன் சார், மூன்றில் இரண்டு. ஏன் என்றார். அப்படித்தான் சார் வரும் என்றாள். அதற்குத்தான் தலையாட்டினார், பேனாவை மூடிக்கொண்டே. எதில் இருக்கிறது என்று தெரிந்தவர் திறந்தால் வேண்டுமென்றே காலியைத்தான் திறப்பார், முதலில் தொட்டதற்கு மூன்றில் ஒரு பங்குதான், மிச்ச இரண்டு பங்கும் திறக்காத மற்றதற்குப் போகும், அப்போது மாறுவது சரி. தெரியாதவர் திறந்தால்? அவர் கையிலேயே உத்தரவு வந்திருக்கலாம், வரவில்லை, அவ்வளவுதான், மிச்சமிருக்கும் இரண்டுக்கும் சம வாய்ப்பு, பாதிக்குப் பாதி, மாறினாலும் ஒன்று நின்றாலும் ஒன்று. இவ்வளவுதானே, இதை அங்கே யோசிக்க என்ன கேடு… காது கேட்டது, மனசு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் திண்டாடுமாம், அதனால் ஆள் எடுக்கிறார்கள், இப்போது விட்டால் அப்புறம் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். மண்ணூர்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் நைனா இன்றைக்கும் அச்சு மண்ணுக்குள்தான் நின்றிருப்பார், இருமினால் சட்டைக் கையில் கறுப்பாக ஒட்டும். "நீ வேலைக்குப் போற அன்னிக்கு நான் ஊட்ல ஒக்காந்துக்கறேம்மா" என்பார், எப்போது என்று கேட்டதில்லை, கேட்டிருந்தால் தேவலை. இன்று ராத்திரி, இன்னாம்மா, கேட்டதுக்கெல்லாம் சொன்னியா என்பார். சொன்னேன் நைனா. பொய் இல்லையே.

பக்கத்தில் ரோஸி இன்டர்வியூ செருப்பைப் பையில் போட்டுவிட்டு வெறுங்காலை எதிர் இருக்கையில் நீட்டியிருந்தாள், கொரட்டூரில் ஏறிய ஒருவர் முறைத்தும் எடுக்கவில்லை. "மூஞ்சிய ஏண்டி இப்டி வச்சினுகீற? அதான் சொல்லிட்டியே, கரெக்டாதான் சொன்ன." ரோஸியிடம் அவர் எப்படிக் கேட்டார்? தெரிந்தவர் திறக்கிற பழைய கணக்கையே கேட்டிருந்தால் ரோஸி சொன்னது சரி. ஆளுக்கு ஆள் ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்பாரா, அல்லது காலையிலிருந்து எல்லாரையும் இதே வார்த்தையால்தான் வீழ்த்தினாரா? அம்பத்தூர் போய்விட்டது. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரோஸி, பொட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி, எதுல கீதுன்னு எனக்கும் தெரியாதுன்னு சொன்னாரா உங்கிட்ட?"

ரோஸி கண்ணை மூடி யோசித்தாள். நெற்றி சுருங்கியது. அண்ணனூரில் வண்டி நின்று கிளம்பியது.

"சொன்னா மாதிரியும் கீது, சொல்லாத மாதிரியும் கீது. ஏண்டி, சொன்னா இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏண்டி என் உசுர வாங்கற!" ஆவடியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள், பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் கம்பியைத் தட்டினாள், "தூங்குடி போ. ரெண்டு பேரும் ஒண்ணாதான் வேலைக்குப் போவப்போறோம், பாரு." நாகவல்லி சிரித்தாள், வண்டி நகர்ந்தது, காலியான இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். அவளுக்காவது சரியாக இருக்கட்டும் என்றுதானே கேட்டேன், வேறு எதற்குக் கேட்டேன்… ரோஸி கண்ணை மூடியிருந்த அந்தக் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேன்? சொன்னார் என்று வரவேண்டும். அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும், அவளும் என்னைப்போலக் கவனிக்காமல் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். பட்டாபிராம் வரைக்கும் அந்த ஆசையை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை.