மலை தெரிந்த ஞாயிறு

துப்பாக்கியை இரண்டு கைகளாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு அந்த மலாய்க் காவலன் சாலையை மறித்து நின்றான். கமலவேணி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஐம்பது அறுபது கெஜத்துக்கு அப்பால், ஒரு ரப்பர் மரத்தில் முதுகைச் சாய்த்து அப்பா உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டியிருந்தார். பக்கத்தில் அவளுடைய சைக்கிள் சக்கரங்கள் மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அது எங்கப்பா" என்றாள் தமிழில். பிறகு மலாயில் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அவனுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. உதட்டை நனைத்து நனைத்துக்கொண்டிருந்தான்.

சாலையோரக் கால்வாயில் இன்னும் மூன்று காவலர்கள் மரங்களைக் குறி வைத்துப் படுத்திருந்தார்கள். சைக்கிள் சங்கத்தின் செயலாளர் கணேசலிங்கம் மாஸ்டர் தன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்து மலாயில் பேசினார். காவலன் சுருக்கமாகப் பதில் சொன்னான். அரை மணி நேரத்துக்கு முன்பு ரோந்து வந்தபோது பார்த்தார்கள். கூப்பிட்டார்கள். அசையவில்லை. போன மாதம் வேறோர் இடத்தில் இப்படித்தான் செத்தவனை உட்கார வைத்துவிட்டு, பார்க்கப் போனவர்களைக் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். அதிகாரி வந்து சொல்லாமல் யாரும் கிட்டப் போகக் கூடாது.

"அரை மணியா?" என்று கேட்டாள் திரேசா. அவளும் சங்கத்துக்காரி; ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அரை மணியா யாருமே தொட்டுப் பாக்கலியா?"

காவலன் மறுபடி மரங்களைப் பார்த்தான்.

கமலவேணியின் அப்பா நாகமுத்து தபால்காரர். வாரத்தில் ஆறு நாள் மலாக்கா ஊருக்குள் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுப்பவர், ஏழாவது நாளும் காலையில் எழுந்து சைக்கிளைத் துடைப்பார். "சம்பளத்துக்கு மிதிச்சது பத்தலையா?" என்று அம்மா கேட்பாள். "அது வேற மிதி லா, மங்களம்" என்பார். வெள்ளைக்கார அரசு அவசரகாலம் கொண்டுவருவதற்கு முன்பு ஒவ்வொரு டிசம்பரிலும் சங்கத்தார் லேடாங் மலைக்குச் சைக்கிளில் போய், அடிவாரத்தில் வண்டிகளை விட்டுவிட்டு உச்சிவரை நடந்து ஏறுவார்கள். மழைக்காலம்தான். ஆனால் அப்போதுதான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கும். நாற்பத்தெட்டுக்குப் பிறகு மலை மூடப்பட்டது. காடு கம்யூனிஸ்டுகளிடம் இருந்தது. சாலைகள் பட்டாளத்திடம் இருந்தன. நான்கு ஆண்டு கழித்து, இந்த டிசம்பரில்தான், மெர்லிமாவ் வரை போய்வரப் போலீசில் அனுமதிச் சீட்டு கிடைத்தது. பகலில் மட்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம், பிஸ்கட்கூடக் கொண்டுபோகக் கூடாது. எவரும் தனியாகப் பிரியக் கூடாது.

அந்தக் கடைசி விதிக்காகவே நாகமுத்து அன்று வரிசையின் கடைசியில் வந்தார்.

பதினெட்டு வயதுப் பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆண்களோடு சைக்கிளில் போவதாவது என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. திரேசா வீட்டுக்கு வந்து, தன் கால்சட்டையையே கொடுத்து, "நான் இருக்கேன்க்கா" என்று சொன்ன பிறகுதான் விட்டாள். அப்பா மகளிடம் ஒரே ஒரு காரணம்தான் சொன்னார். "மெர்லிமாவுக்கு முன்னாடி ஒரு திருப்பம் இருக்கு. மழை இல்லன்னா அங்கேருந்து மலை முழுசா தெரியும். நீ பாக்கணும்."

அந்தத் திருப்பத்துக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையில் அவளுடைய சங்கிலி அறுந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அப்பா குனிந்து பார்த்தார். "இதுக்கு கடைக்குத்தான் போகணும். நீ என் வண்டியில போ. நான் இதைத் தள்ளிக்கிட்டு வர்றேன்."

"தனியாவாப்பா?"

"ஒரு மணி நேரம்கூட ஆகாது. போம்மா, அவங்க தேடப்போறாங்க."

திருகுச்சாவியை எடுத்துத் தன் வண்டியின் இருக்கையை நான்கு விரற்கடை இறக்கி, முறுக்கிக் கொடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. வெயில் வேர்வை என்றே அவள் நினைத்தாள்.

அப்பாவின் வண்டி அவளுடையதைப்போல் இல்லை. மிதித்தால் காற்றாகப் போனது. திருப்பத்தில் மரங்கள் விலகின. மலை இருந்தது. மேகம் இடுப்புவரை இறங்கி, உச்சி மட்டும் தனியாக, நீலமாக நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மலை கண்ணைவிட்டு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். மெர்லிமாவ் கடையில் எல்லோரோடும் உட்கார்ந்து கோப்பி குடித்தாள். "அப்பா எங்க பிள்ளை?" என்று மாஸ்டர் கேட்டதற்கு, "பின்னாலதான் வர்றாங்க மாஸ்டர்" என்றாள். அது பொய்யில்லை. இரண்டாவது கோப்பையும் குடித்தாள். கடைக்காரச் சீனர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் பதினொன்றைத் தாண்டிய பிறகுதான் திரேசா கேட்டாள்:

"தனியாவா விட்டுட்டு வந்தே?"

இப்போது அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தொப்பியில்லாத தலையில் மழை விழுவதை அவர் துடைக்கவில்லை.

காவலன் கால்வாய்ப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அந்த நேரத்தில் கமலவேணி அவன் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினாள். பின்னால் துப்பாக்கியின் இரும்பு ஓசை கேட்டது. "ஜாங்ஙான் தெம்பாக்!" என்று மாஸ்டர் மலாயில் அலறினார். சுடாதே. "இத்து அனாக்ஞா!" அது அவர் பிள்ளை. அந்தக் குரல் மாஸ்டருடையதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. செருப்பு ஒன்று கழன்றது. அவள் நிற்கவில்லை.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் நீர்த்துளிகள் இருந்தன. மடியில் அறுந்த சங்கிலி. வலது கை விரல்கள் அதன் ஒரு முனையைப் பிடித்திருந்தன. கடைக்குப் போகாமல் தானே கோர்த்துப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். "அப்பா" என்றாள். தோளைத் தொட்டாள். முகம் குளிர்ந்திருந்தது. அக்குளுக்கடியில் கையை விட்டுத் தூக்கப் பார்த்தபோது அங்கே இன்னும் சூடு இருந்தது.

காட்டிலிருந்து யாரும் சுடவில்லை. திரேசா ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இமையை மூடிவிட்டாள்.

"எப்பக்கா?"

திரேசா சங்கிலியை அவர் விரல்களிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா போனாங்க? ரோந்து வர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"நெஞ்சு வலி வந்தா ஒடனேடி" என்றாள் திரேசா. "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." அவள் கமலவேணியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

இளங்காவலன் அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து அவள் காலருகே வைத்துவிட்டுப் போனான்.

தோட்டத்து டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். போலீஸ் நிலையத்தில் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார்கள். அப்பாவின் அட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. சாலை அடைப்புக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ரப்பர் பால் ஏற்றும் லோரி ஒன்றை மாஸ்டர் பிடித்துவந்தார். பாயில் அப்பா. தலைமாட்டில் கமலவேணி. ஓரத்தில் இரண்டு சைக்கிள்கள். லோரி குலுங்கும்போதெல்லாம் அவருடைய தலை ஆடாமலிருக்க அவள் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டில நான் கதைக்கிறன் பிள்ளை" என்றார் மாஸ்டர். "எல்லாரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லுவம். நீ ஒண்டும் பேச வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

லோரி வீட்டு வாசலில் நின்றபோது மணி நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்ததும் குளிக்கச் சுடுநீர் வேண்டும். அம்மா கொல்லைப்புறத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள், புகையில் கலங்கிய கண்ணோடு வாசலுக்கு வந்தாள். லோரியைப் பார்த்தாள். மகள் இறங்குவதைப் பார்த்தாள். அதன் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மாஸ்டர் சொன்னார்.

"தங்கச்சி, எல்லாரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள். திடீரெண்டு நெஞ்சைப் பிடிச்சார். நாங்கள் பக்கத்திலதான் நிண்டனாங்கள். தனியக் கிடந்து கஷ்டப்படேல்லை."

அம்மா கத்தவில்லை. தூக்கிவந்தவர்களுக்கு வழிவிட்டு, கூடத்தில் கிடந்த நாற்காலியை நகர்த்தினாள். பாயை விரித்தாள். அவருடைய முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கட்டிக்கொண்ட பிறகுதான் சத்தம் எழுந்தது.

ஆறு மணிக்குள் அவர் கடிதம் கொடுத்த தெருக்களெல்லாம் வந்து போயின. மளிகைக்கடைச் சீனர் மனைவியோடு வந்து தொலைவில் நின்றார். மலாய்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், கப்பலில் போன மகனிடமிருந்து எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்தை நாகமுத்து வேலை முடிந்த பிறகும் தேடிவந்து கொடுத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சற்றுக் குறைந்து, யாரோ விளக்கேற்றினார்கள். அம்மா எழுந்து காற்றுக்காக வாசலுக்குப் போனாள். கமலவேணி பின்னால் போனாள்.

சைக்கிள்கள் இரண்டும் சுவரோரம் சாய்ந்திருந்தன. அம்மா அப்பாவின் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். இருக்கையின்மேல் கையை வைத்தாள். பிறகு அதன் கீழேயுள்ள தண்டைத் தடவினாள். வழக்கமாக வெளியே தெரியும் பளபளப்பான பகுதி உள்ளே போயிருந்தது.

"சீட்ட யாரு எறக்குனா?"

கமலவேணி வாயைத் திறந்தாள். கூடத்துக்குள் மாஸ்டர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

"அப்பாதாம்மா. எனக்காக." அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. "என் சங்கிலி அந்துபோச்சி. அவரு வண்டியில என்னைய போகச் சொன்னாரு. நான் போயிட்டேன்மா. அவரு தனியாத்தான் இருந்தாரு. பக்கத்துல யாருமே இல்ல. நான் மலையப் பாத்துக்கிட்டே போயிட்டேன்மா. திரும்பிக்கூடப் பாக்கல. கடையில ஒக்காந்து ரெண்டு கோப்பி குடிச்சேன்."

அம்மா இருக்கையிலிருந்து கையை எடுக்கவில்லை. தெருவில் ஒரு ராணுவ லோரி போனது. அதன் வெளிச்சம் இருவர்மீதும் விழுந்து நகர்ந்தது. அடிப்பாள் என்று கமலவேணி நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"மலை தெரிஞ்சிச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"தெரிஞ்சிச்சு."

"முழுசா?"

"உச்சி மட்டும்."

"அவரு ஒக்காந்திருந்த எடத்துலேருந்து?"

கமலவேணி யோசித்தாள். அப்பாவின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"இல்லம்மா. மரம் மறைச்சிருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். அவள் உள்ளே போன பிறகும் கமலவேணி அங்கேயே நின்றாள். மாஸ்டர் வெளியே வந்தார். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று அழுதார். வகுப்பில் பிரம்பில்லாமலே பிள்ளைகளை நடுங்க வைத்தவர். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். அவர்கள் வழக்கப்படி, உடலை எடுப்பதற்கு முன்பே அம்மாவை உட்கார வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அந்த நேரம் கமலவேணியை உள்ளறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு வெளியே பெண்களின் குரல் உயர்ந்து அடங்கியது. தபால் நிலையத்து ஆட்கள் நான்கு பேரும் சங்கத்தார் நான்கு பேரும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். பறையொலி மூலைக்கடை திரும்பும்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். திரேசா கமலவேணியைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஈரப் புடவையோடு திரும்பும்போது படியில் கால் வைத்த கமலவேணி முகத்தைச் சுளித்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாடி?" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, மகளின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலுக்குப் பக்கத்தில் முள் ஒன்று ஆழமாக ஏறி முறிந்திருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறாள்.

"அசையாத."

பாதத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை செய்ததுபோல, தாலிக்கொடியில் கோர்த்திருக்கும் ஊக்கை எடுக்க அம்மா வலது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றது. விரல்கள் வெறும் கழுத்தில் ஒருமுறை தடவின.

கமலவேணி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை. குனிந்து, இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் முள்ளின் இரு பக்கத்தையும் அழுத்த ஆரம்பித்தாள்.