பைக்குள் வைத்த முட்டை

ஆஸ்பத்திரிக் குப்பையை நாள் முழுக்க அளைகிறவள் நான். எனக்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம், சீழ், கட்டுத்துணி எல்லாம் பழகிவிட்டது. பழகாதது எங்கள் நர்ஸுகள்தான். மஞ்சள் பையில் சீழ்த் துணியோடு, தாங்கள் தின்ற மீனின் எலும்பையும் வினிகர் வழியும் மிச்சச் சோற்றையும் சேர்த்துப் போடுவார்கள். ஊசியை வெட்டுகிற பெட்டி கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். ஊசி மட்டும் முழுசாகப் பைக்குள் கிடக்கும். படித்த ஜென்மங்கள்!

எங்கள் நாட்டில் இதை எரிக்கக் கூடாது என்று சட்டம். அதனால் வேகவைக்கிறோம். ஆட்டோகிளேவ் என்பது ஆள் உயரத்தில் ஒரு குக்கர், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நீராவியில் வெந்தால் கிருமி செத்துவிடும். பிறகு அரவை இயந்திரத்தில் கொட்டுவோம். அதில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பின்கொட்டகையில் ஒருத்தி உட்கார்ந்து பொறுக்குவாள். பூந்தொட்டி செய்கிறவர்கள் வந்து அள்ளிப்போவார்கள். அந்த ஒருத்தி என் தங்கை பாசிங். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். "எல்லாம் வெந்ததுடி, பயப்படாத" என்று சொன்னதும் நான்தான்.

மணிலாவிலிருந்து சுகாதார அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் நிர்வாகி எஸ்கலாண்டேவுக்குக் காய்ச்சல் வராத குறை. கொல்லையில் மலையாய்த் தேங்கிக் கிடந்த பைகளை ஒரே வாரத்தில் காலி பண்ண வேண்டுமாம்.

"இருபது நிமிஷம் போதும் ரெமி. பையைத் திணிச்சு ஏத்து."

"உள்ள வேகாது சார்."

"டேப்பு கறுக்குதுல்ல? கறுத்தா கையெழுத்தப் போடு. உன்னைய யாரு டாக்டர் வேலை பாக்கச் சொன்னா?"

டேப் பைக்கு வெளியே ஒட்டுவது. சூடு பட்டதுமே அதன் கோடுகள் கறுத்துவிடும். உள்ளே வெந்ததா இல்லையா என்று அதற்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம். த்தூ, நானும் ஒரு பிறவி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டில் பாசிங் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது ரத்தம்?"

"மீன்முள்ளுக்கா."

"மீன் கழுவத் தெரியாத மகாராணி! காட்டு இங்க." திட்டிக்கொண்டே பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன்.

ஏழாம் நாள் பார்வையாளர்கள் வரும் நாள். காலையில் ஒரு பையை இயந்திரத்தில் கொட்டப் போனேன். வெந்த ரத்தம் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். பையிலிருந்து விழுந்த பஞ்சோ செக்கச்செவேல் என்று இருந்தது, அதிலிருந்து ஒரு சொட்டு என் பூட்ஸில் விழுந்தது. சீச்சீ! இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன்.

"பாசிங், இன்னைக்கு எதையும் தொடாத. சும்மா உக்காரு."

எப்போதும் வாய் ஓயாதவள். அன்று ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்தேன். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த முட்டையில் ஒன்றை ஒரு பையின் நடுவில் புதைத்து, கயிற்றால் அடையாளம் கட்டி ஏற்றினேன். சரியாக இருபது நிமிஷம்.

கதவைத் திறக்கும்போது அவர்கள் வந்து நின்றார்கள். மணிலா டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். எஸ்கலாண்டே ஆவி பறக்கும் பையை ஒரு தட்டுத் தட்டினான்.

"பாருங்க, டேப்பு கன்னங்கரேல்னு இருக்கு. இதுல சோத்தப் போட்டே சாப்பிடலாம் மேடம், அவ்வளவு சுத்தம்."

"சாப்பிடலாமா சார்? நில்லுங்க." தடித்த கையுறையோடு, கயிறு கட்டிய பைக்குள் கைவிட்டு முட்டையை எடுத்து, அவன் கண்ணெதிரே பை இருந்த தட்டின் விளிம்பில் உடைத்தேன். வெள்ளைக்கரு கொழகொழவென்று வழிந்தது. பையின் நாற்றம் அதோடு சேர்ந்து எழும்பியது. பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள்.

எஸ்கலாண்டே இளித்தான். "அரைவேக்காடு எனக்குப் பிடிக்கும்..."

"அப்ப குடிங்க சார்."

அவன் குடிக்கவில்லை. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா இப்படி நடக்குது?"

"இன்னையோட ஏழு நாள்."

"கையெழுத்து யாருதுன்னு பாருங்க மேடம்!" எஸ்கலாண்டே பதிவேட்டை நீட்டினான். எல்லா வரியிலும் என் கையெழுத்துதான்.

வாசலில் பாசிங் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மெல்ல விரலிலிருந்து பிளாஸ்டரை உரித்தாள்.

"மீன்முள்ளு இல்லக்கா. ஊசித் துண்டு."

"அடிப்பாவி! ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்குப் போவ. உன் வேலை போயிடும்."

டாக்டரம்மா பொத்திய மூக்கை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். "எப்ப குத்துச்சு?" "முந்தாநாள்," என்றாள் பாசிங். "வாம்மா, இப்பவே ரத்தம் எடுக்கணும், மருந்தும் இன்னைக்கே ஆரம்பிக்கணும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாத்தாத்தான் நோய் தொத்துச்சா இல்லையான்னு நிச்சயமாத் தெரியும்."

மூன்று மாதம். வார்டு வரைக்கும் பாசிங்கின் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அவள்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். நர்ஸ் ரத்தம் எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு, வெட்டும் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, ஊசியை அப்படியே மஞ்சள் பைக்குள் போட்டாள்.