அக்கரை சென்றவை

எல்லையின் இரண்டு பக்கத்து வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து புலிப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. நடுவில் ஓடும் ஆற்றைப் படகில் அரை மணி நேரத்தில் தாண்டிவிடலாம். கடிதங்களுக்குத்தான் நீச்சல் தெரியவில்லை. ஒருவழியாக நாள் குறித்து, ஆற்றங்கரை விடுதியின் சாப்பாட்டு அறையில், காற்றே வராத மின்விசிறிக்குக் கீழே ஆல்பங்களை விரித்தார்கள். மரங்களில் கட்டிய காமிராக்கள் எடுத்த படங்கள் அவை.

இக்கரை வனக்காவலருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு காரியம்தான். அரைக்காதைப் பார்த்துவிட வேண்டும். இடது காதில் பாதி இல்லாத பெண்புலி; குட்டியிலிருந்து ஆறு வருஷம் அவர் கண்ணெதிரே வளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் அதன் தடம் ஆற்றுக்குள் இறங்கியது, திரும்பவில்லை. பதிவேட்டில் 'அக்கரை சென்றது' என்று எழுதி மூடியவர் இவர்தான். அதற்கென்றே ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

மனைவி அன்று காலை சாப்பாட்டுப் பையை நீட்டியபடி, "சின்ன வீட்டைப் பார்க்கப் போறீங்க, சட்டையையாவது தேய்ச்சுப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று வாரினாள். மனுஷர் வெட்கமே இல்லாமல் தேய்த்துத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எதிரே அக்கரைக் காவலர், நரைத்த தலையை இறுக்கிப் பின்னிய ஓர் அம்மாள். ஆல்பத்தைத் திறக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

"அண்ணே, எங்க கிழவன் சௌக்கியமா? நெத்தியில கோடெல்லாம் சேர்ந்து முடிச்சு மாதிரி இருக்கும். உங்க பக்கம் வந்து மூணு வருஷமாச்சு."

"அப்படி ஒண்ணு இங்க வரலையேம்மா. எங்க அரைக்காது உங்ககிட்டதானே இருக்கா?"

"காது போன புலியா? நான் பார்த்ததே இல்லையே."

இருவரும் பேச்சை விட்டு ஆல்பங்களைப் புரட்டினார்கள். ஒவ்வொரு புலியின் கோடும் ஒவ்வொரு விதம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மத்தியானத்துக்குள் கணக்கு தெரிந்துவிட்டது. இவர்கள் பதிவேட்டில் அக்கரை சென்றவை ஒன்பது, அவர்கள் பதிவேட்டில் பதினொன்று. இருபதில் ஒன்றுகூட எதிர்ப்பக்க ஆல்பத்தில் இல்லை. பிள்ளை மாமா வீட்டில் இருக்கிறான் என்று அம்மாவும், அம்மாவிடம் இருக்கிறான் என்று மாமாவும் நிம்மதியாக இருந்த கதைதான்.

அதிகாரிகள் டீ வரவழைத்து, காமிராக் கோளாறாக இருக்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஆரம்பித்தார்கள். அடுத்த கூட்டம் எந்த யுகத்திலோ! அந்த அம்மாள் அவர்களைக் கண்டுகொள்ளாமல் இரண்டு வரைபடங்களையும் ஒட்டி வைத்து, ஆற்றின் நடுவில் விரலை வைத்தார்.

"இந்தத் திட்டு யாருது?"

இரண்டு வரைபடத்திலும் காடு பச்சையாகக் கரை வரை வந்து நின்றது. நடுவில் நாணல் மண்டிய மணல்திட்டு இரண்டிலும் வெறும் வெள்ளை.

"உங்களுதுன்னுதானே நாங்க அங்க கால் வைக்கிறதில்ல" என்றார் காவலர்.

"நாங்களும் அதேதான் நினைச்சோம்."

மூன்று மணிக்கு இருவரும் படகில் போய் இறங்கினார்கள். ஆள் உயர நாணலை விலக்கிப் போனால் ஏழெட்டு மரங்கள். அவற்றின் அடியில் வண்டிகளின் பிரேக் கம்பியை முறுக்கிச் செய்த சுருக்குகள். துருப்பிடித்தவை சில, நேற்று கட்டியது போல் பளபளத்தவை இரண்டு. எலும்பு, தோல் எதுவும் மிச்சமில்லை; வேட்டைக்கு வந்தவர்கள் சுத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடைசி மரத்தில் மட்டும் பட்டையைச் சுற்றிலும் கம்பி அறுத்த பள்ளம். அதற்கு மேல் நகத் தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு.

"இது உங்களுதா எங்களுதான்னுகூடத் தெரியலையே அண்ணே."

காவலர் மணலில் உட்கார்ந்துவிட்டார். தேய்த்துப் போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பதிவேட்டில் எழுதாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்.

"அவ தடம் ஆத்துல இறங்கினதுக்கு மறுநாள் சத்தம் கேட்டுச்சும்மா. கரையில நின்னு கேட்டேன். நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டா, அக்கரையில இருந்து எனக்குக் குரல் கொடுக்கிறான்னு நினைச்சேன். அன்னிக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போனேன்."

அவர் வாய்விட்டு அழுதார். அம்மாள் அவர் அழுது முடிக்கும் வரை மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கோடையிலதானே? எங்களுக்கும் கேட்டுச்சு" என்றார் பிறகு. "மூணு நாள் விடாம கேட்டுச்சு. உங்க பக்கத்துப் புலி ஏதோ துணை தேடுதுன்னு பேசிக்கிட்டோம். நாலாம் நாள் சத்தம் நின்னதும், துணை கிடைச்சிடுச்சுன்னு சிரிச்சோம் அண்ணே."