மரம், பக்கம் ஒன்பது

...மகன் என்ற சீட்டில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, ஒன்பது, பத்து, அறுபத்தொன்று, நூற்று நாற்பது, இருநூற்றுப் பன்னிரண்டு, மகள் என்ற சீட்டில் ஒரே ஒரு எண், முந்நூற்று எண்பத்தெட்டு, அதுவும் நன்றியுரையில், அச்சகத்தார் தாள் வியாபாரி எல்லோருக்கும் பின்னால், 'பொருளடைவு தயாரித்துத் தந்த என் மகளுக்கும்'... இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஓர் எண்ணையும் அவளேதான் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புத்தகத்தின் கடைசியில் எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் போடுகிறார்களே, அந்த வேலை அவளுக்கு, இருபது வருஷமாக, ஊரார் எழுதிய புத்தகங்களுக்கு. இப்போது அப்பாவின் புத்தகம். ஓய்வுபெற்ற இலக்கியப் பேராசிரியர், எண்பது வயது, நானூறு பக்கம், கதைகளில் மரங்கள் எப்படி மனிதனின் வளர்ச்சிக்கு அடையாளமாக நிற்கின்றன என்று. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கச் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து அறையில் அவர் மதியத் தூக்கம், குறட்டை நன்றாகவே கேட்கிறது. ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும், மணி இப்போது இரண்டரை.

மரம், இலையுதிர்தல், துயரம் என்ற சீட்டைப் பார்க்க. மரம், துளிர்த்தல், மீட்சி என்ற சீட்டைப் பார்க்க. மரம், இடி விழுந்தது, முதல் ஏமாற்றம், எழுபத்தேழு... பாவம், இந்தக் கதைகளில் வரும் மரங்களுக்கு ஒரு நாள் விடுமுறை கிடையாது, கதாநாயகி அழுதால் இலை கொட்ட வேண்டும், அவளுக்குக் கல்யாணமென்றால் பூத்துத் தொலைக்க வேண்டும், சின்னப் பையன் பெரியவனாகும்வரை ஜன்னலுக்கு வெளியே காவல் நிற்க வேண்டும், சும்மா நின்றோம் வெயில் காய்ந்தோம் என்று இருந்த மரம் நானூறு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அப்பா நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதை இல்லையென்று சொல்ல முடியாது, கன்றைச் சுற்றிக் கட்டும் வேலியைப் பற்றிய அத்தியாயத்தில், வேலி காப்பதும் அதுதான் நெரிப்பதும் அதுதான் என்று எழுதிய இடத்தில், பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ஒன்பதாம் பக்கம்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. முன்னுரை. 'என் மகன் பிறந்த அன்று வீட்டின் பின்புறம் ஒரு கன்று நட்டேன். இருவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள். இந்த நூலின் விதை அங்கேதான் விழுந்தது.' மூன்று தரம் படித்தாயிற்று, மூன்று தரமும் மகன் என்றுதான் இருக்கிறது, அச்சுப்பிழை இல்லை, பழைய கையெழுத்துப் பிரதியையும் எடுத்துப் பார்த்துவிட்டாள்.

ஏனென்றால் அந்த மரம் அவளுடையது. அப்பாவேதான் சொன்னார். அவளுக்குப் பதினொரு வயது, காய்ச்சல் வந்து போனதும் கால்கள் இரண்டும் துவண்டுவிட்டன, ஆறு மாதம் கட்டில், பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் போயிற்று, கூடப் படித்தவர்கள் முதலில் வாரத்துக்கு இரண்டு தரம் வந்தார்கள், அப்புறம் ஒரு தரம், அப்புறம் வரவேயில்லை. தம்பிக்கு அப்போது மூன்று வயது, கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடுவான், அந்தக் கால்களைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் அப்பா அவளைத் தூக்கி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, "அங்க பாரு பாப்பா, அதுவும் உன்னை மாதிரிதான் கிடக்குது, ஒரு இலை இல்ல. நீ பிறந்த அன்னைக்கு உனக்காக நான் நட்டது. அது துளிர்க்கும்போது நீயும் எழுந்துடுவே" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் அதைப் பார்ப்பாள், அதற்கு ஏதாவது முடிகிறதா, தனக்கு ஏதாவது முடிகிறதா... முதல் துளிர் வந்த வாரம் எழுந்து நின்றாள். இதைக் கணவனிடம் சொல்லியிருக்கிறாள், மகளிடம் சொல்லியிருக்கிறாள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், நானும் ஒரு மரமும் ஒன்றாக எழுந்தோம் என்று. இன்றைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும், மேசை, கதவு, ஆள் யாராவது. காலில் ஒரு குறையும் இல்லை, வெறும் பழக்கம் என்கிறார் டாக்டர். நாற்பத்தாறு வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம், மரத்துக்காக உடன்பிறந்தவனோடு மல்லுக்கு நிற்பதா? ஆனால் மனசு கேட்டால்தானே.

கைப்பேசி அடித்தது, பதிப்பகத்துக்காரர். "மேடம், அஞ்சு மணிக்குள்ள வந்துடும்ல? முன்னுரையில ஏதாவது திருத்தம் இருந்தா இப்பவே சேர்த்து அனுப்பிடுங்க, அப்புறம் கையே வைக்க முடியாது." பார்க்கிறேன் என்றாள். வைத்ததும் திரையில் தம்பி காலையில் அனுப்பிய செய்தி மறுபடி கண்ணில் பட்டது, 'அக்கா, முன்னுரை படிச்சேன். ஆபீஸ்ல உட்கார்ந்து அழுதுட்டேன்.' அழட்டும். ஒன்பதாம் பக்க ஓரத்தில் பென்சிலால் 'தகவல் சரிபார்க்கவும்' என்று எழுதினாள், எழுதிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரிடம் சரிபார்ப்பது, அம்மா இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள், அவள் போய் ஆறு வருஷம். அப்பாவை எழுப்பிக் கேட்டால் வாய்க்கு வந்ததை அழகாகச் சொல்வார், அவர் தொழில் அப்படி. அப்போதுதான் தோன்றியது, மரம் போய்விட்டது, அடிக்கட்டை இருக்கிறதே... ஆறு மாதம் முன்புதான் வெட்டினார்கள், வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டது, ஆளைக் கூப்பிட்டு முன்னால் நின்று வெட்டச் சொன்னதே அப்பாதான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "கக்கூஸ் அடைச்சுக்கிட்டா குறியீடாவது ஒண்ணாவது" என்றார். வெட்ட வந்தவர் அது என்ன மரம் என்றுகூடச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை, மரத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவரின் வீட்டு மரத்துக்குக் கடைசிவரை பெயர் தெரியாது.

குண்டூசி டப்பாவையும் ஒரு ஈரத்துணியையும் எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். வெயில் சாய்ந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்ததும் தூசி போய் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன, வருஷத்துக்கு ஒன்று, பட்டையிலிருந்து உள்ளே போக வேண்டும், பத்துக்கு ஒரு குண்டூசி. குந்தி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். தம்பிக்கு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டில் முடிந்தால் மரம் அவனுடையது, நாற்பத்தாறில் முடிந்தால் தன்னுடையது, கணக்கு அவ்வளவுதான்... பத்து. இருபது. முப்பது. முப்பத்தாறில் நகம் நின்றது, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நின்றுவிடாதே, தயவுசெய்து நின்றுவிடாதே, முப்பத்தொன்பது இருந்தது, அப்பாடா, முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கமில்லாத சிரிப்பு, நாற்பது, நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு. நாற்பத்தேழும் இருந்தது. நாற்பத்தெட்டும் இருந்தது. ஐம்பத்தொன்று வரை எண்ணினாள், அதற்கு உள்ளே உளுத்து மாவாகக் கொட்டியது. இந்த வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் குடிவந்ததே அவள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு. இவர்கள் வந்து கதவைத் திறந்தபோதே அது பின்னால் நின்றிருக்கிறது, ஒருவருக்காகவும் யாரும் நடவில்லை.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வரவில்லை, அதற்குப் பதிலாகத் தொழில் புத்திதான் வந்தது. எண் கிடைத்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் விடக்கூடாது. தனக்குப் பதினொரு வயது என்றால் பட்டையிலிருந்து முப்பத்தைந்தாவது வளையம், எண்ணிக்கையில் ஒன்றிரண்டு பிசகினாலும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். இலையெல்லாம் உதிர்த்துத் தன்னைப் போலவே நொந்து கிடந்த வருஷம், வளையம் நூலாக ஒடுங்கியிருக்க வேண்டும். விரலை வைத்தாள். முப்பத்து நான்கு, ஐந்து, ஆறு, மூன்றுமே சுண்டுவிரல் அகலம், மொத்தக் கட்டையிலேயே கொழுத்த வளையங்கள் அவைதான். அவள் கட்டிலில் கிடந்த வருஷம் இது வயிறு நிறையத் தின்று ஊதியிருக்கிறது. இலை கொட்டியது வருஷா வருஷம் கொட்டுவதுதான், அது நொந்தும் போகவில்லை, அவளுக்காகத் துளிர்க்கவும் இல்லை...

"என்ன பாப்பா, அங்க குனிஞ்சு என்ன தேடுறே?" அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார், தூக்கம் கலையாத முகம். "எண்ணிக்கிட்டிருந்தேன்பா. அம்பத்தொண்ணு வருது. அதுக்கு உள்ள உளுத்துப்போச்சு." மனக்கணக்குப் போட்டார், அவர் ஒன்றும் அசடு இல்லை. "நாம வரும்போதே இருந்திருக்கும் போல" என்றார், யார் வீட்டு மரத்தையோ சொல்வதுபோல. எனக்காக நட்டதாகச் சொன்னீர்களே என்றாள், குரல் தான் நினைத்ததைவிடச் சின்னதாக வெளியே வந்தது. "சொன்னேன். நீ எழுந்து நடந்தியா இல்லையா?" நடந்தேன் என்றாள். "தம்பி பரீட்சையில தோத்துட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டானே, அப்போ அவன்கிட்டயும் சொன்னேன். அவனும் கதவைத் திறந்தான். அதையேதான் எழுதினேன்." பிறகு குண்டூசிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடு, கால்ல குத்தப்போவுது. டீ போடுறேன்" என்று உள்ளே போனார்.

கொழுத்த வளையத்தை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? மேசைக்குத் திரும்பி ஒன்பதாம் பக்க ஓரத்தில் எழுதியதை அழிப்பானால் தேய்த்தாள், தம்பி அழுதுவிட்டான், கதவு திறந்தது திறந்ததுதான், அதில் போய் இவள் என்னத்தைச் சரிபார்ப்பது. மரம், ஆசிரியர் வீட்டில், 9. எழுதி வரிசையில் சொருகியாயிற்று. ஒரு வெற்றுச் சீட்டு மட்டும் கையில் மிச்சம். நானும் ஒரு மரமும் என்று முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வந்த இடத்தில் இப்போது மரத்தை எடுத்துவிட்டால் நான் மட்டும்தான் பாக்கி, அந்த ஜன்னலோரம் வேறு யாருமில்லை, எந்தத் துணையும் இல்லாமல் ஒரு பதினொரு வயதுப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றிருக்கிறாள். இதற்கு எந்தத் தலைப்பு? பெருமை என்று போட்டால் அழுகை வருகிறது, துயரம் என்று போட்டால் அதுவும் பொய்யாக இருக்கிறது, அப்பாவின் நானூறு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. நாலே முக்கால். "பாப்பா, டீ ஆறுது!" இதோ வருகிறேன் என்று எழுந்து போனாள், சமையலறை வாசல் வரை வந்த பிறகுதான் நினைவு வந்தது, எழும்போது மேசையைப் பிடித்தோமா என்று. திரும்பிப் பார்த்தாள். சீட்டுகள் கலையாமல் வரிசையாக இருந்தன, எத்தனை யோசித்தும் பிடித்ததாகவும் நினைவில்லை, பிடிக்காததாகவும் நினைவில்லை.