தட்டை வெட்டிராதீக

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. ஒரு போன் படமாக வந்தது.

அருப்புக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடிப்பது என் பிழைப்பு. காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை வாசகமும் நானே எழுதுவேன். கதை எழுதுவது மிச்ச நேரத்தில். நேற்று பரளச்சியிலிருந்து சுகப்பிரியா என்ற பெண் வந்தார். கணவன் மாதவனுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அவனோடு வேலை பார்த்த நாகேந்திரன் கூட வந்து, தன் போனிலிருந்த படத்தை அனுப்பினான். முள்மரத்தடியில் மாதவன் சிரிக்கிறான். கையில் தட்டு. வழக்கம்போல முகத்தை மட்டும் வெட்டி எடுக்கப் போனேன்.

"தட்டை வெட்டிராதீக," என்றார் சுகப்பிரியா. "வெளிநாட்டுல இருந்த பதினோரு மாசத்துல அவுகளுக்குக் கெடச்ச ஒரே லீவு நாளு அது. இந்த அண்ணன்தான் குடுத்தாக."

நாகேந்திரன் சுவரிலிருந்த கல்யாண ஃப்ளெக்ஸ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2

எப்படித் தொடங்குவது?

'ஆப்பிரிக்கக் காட்டில் சூரியன் செந்நிறமாக' — வேண்டாம். நான் மதுரையைத் தாண்டியதில்லை.

'நாகேந்திரன் ஒரு கொலைகாரன்.' — இதையும் அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.

சுகப்பிரியா ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு, ஃப்ளெக்ஸ் காயும் வரை கடையில் உட்கார்ந்து நாகேந்திரன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

இருவரும் போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள். எந்த நாடு என்று போட வேண்டாம் என்றான். நாகேந்திரன் டிரில்லர், குழி போடுவதும் நிறுத்துவதும் அவன் சொல். மாதவன் ராடு, அதாவது குழிக்குள் இறங்கும் இரும்புத் தண்டு, மாட்டுகிறவன். அந்த வேலையில் ராடு குழிக்குள் கிடக்கும்போது லீவு விடவே மாட்டார்கள். வண்டியை நிறுத்தினால் மண் சரிந்து ராடைக் கவ்விக்கொள்ளும்.

அன்று ஊரில் நாகேந்திரனின் மகள் அஷ்வினிக்குக் காதுகுத்து. குழி இருநூற்றெண்பது அடியில் நின்றது.

"ஏலே, ராடு உள்ள கெடக்கு. முடிச்சிட்டு நாளைக்குக் கொண்டாடுவோம்," என்றான் மாதவன்.

"காதுகுத்து நாளைக்கா வச்சிருக்காக? ஒரு நாள்ல மண்ணு என்ன செஞ்சுரும்?"

ரவை கிடையாது. அங்கே கிடைக்கிற மக்காச்சோள மாவில் கேசரி கிண்டினார்கள். வீடியோ கால் போட்டு, போனை வண்டியின் மேல் சாய்த்துவைத்துக் காதுகுத்தைப் பார்த்தார்கள். ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டது. காட்டுக்குள் ஆறு ஆண்கள் சிரித்தார்கள். நாகேந்திரனுக்கு மட்டும் கண் கலங்கியது. மாதவன் இரண்டு தட்டு தின்றுவிட்டு, பெண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேசரிப் பக்குவம் சொன்னான்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: காடு எப்படியிருக்கும் என்று கேட்டேன். "நம்ம பரளச்சிப் பக்கம் மாதிரியேதான் சார், பூரா முள்ளு. மண்ணு மட்டும் செவப்பு." வேறு வர்ணனை என்னிடம் இல்லை.)

மறுநாள் ராடு அசையவில்லை. நாகேந்திரன் ராடைத் தூக்கும் லீவரை இழுத்துப் பிடித்தான். இரும்புக் கயிறு அறுந்து, ராடருகே நின்ற மாதவனின்

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும். சுகப்பிரியாவுக்கு வந்த கம்பெனிக் கடிதத்தில் ராடு பாறையில் சிக்கியது என்று இருக்கிறதாம். அங்கே பாறையே இல்லை என்றான் நாகேந்திரன்.

3

அவனைக் கதையில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வருடமாக அந்தப் பெண்ணிடம் சொல்லாதவன் என்னிடம் ஏன் சொன்னான்? சுமக்க முடியாததை என் மேசையில் இறக்கி வைத்துவிட்டு டீ குடித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க எழுதுறவுக," என்றான். "நாளைக்குப் பரளச்சிக்குப் போறேன். அந்த சுகப்பிரியாப் புள்ளகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க."

நான் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

4

இனி வருவது நான் பார்க்காதது. இதை எழுதும்போது அவன் பரளச்சி பஸ்ஸில் இருக்கிறான், மடியில் மாதவனோடு.

முடிவு ஒன்று: சொல்கிறான். சுகப்பிரியா அழுதுகொண்டே படத்தைக் கிழிக்கிறார். (நடக்காது. ஃப்ளெக்ஸ் அவ்வளவு லேசில் கையால் கிழியாது.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறான். மாதவனின் அந்த ஒரு லீவு நாள் சுகப்பிரியாவிடமே இருக்கும். அடுத்த வருடமும் என் கடைக்கு வருவார். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நான் வாசகம் எழுத வேண்டும்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால் வாசல்படி வரைதான் வருகிறது. படத்தை மாட்டியாகிவிட்டது. சுகப்பிரியா ஒரு தட்டோடு வருகிறார். (கேசரி நான் சேர்த்ததல்ல. கிண்டப் போவதாகக் கடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.)

"மக்காச்சோள மாவுலதான் கிண்டுனேண்ணே, அவுக போன்ல சொன்ன மாதிரி. சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும். வேற யாருக்குத் தெரியும்?"

நாகேந்திரன் தட்டை வாங்கிக்கொள்கிறான். அதைத் தின்ற வாயால் பிறகு எதையும் சொல்ல முடியாதென்று அவனுக்குத் தெரியும்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். சுகப்பிரியா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.