சந்தனம் வைத்த பலகை

இந்தக் காலத்து மனுஷனுக்கு எதையும் நேரில் வந்து பார்க்கிற வழக்கம் விட்டுப்போய்விட்டது. மோட்டார் நின்றாலும் போன், மாடு செத்தாலும் போன். வாட்ச்மேன் பழனிவேலுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு வாசலில் அவர் நிற்க, உள்ளே ஜெனிபர் டீச்சர் போனும் காதுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஆயுத பூஜை லீவு முடிந்து திறந்ததிலிருந்து தொடுதிரைப் பலகைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறந்தது. யாரும் தொடாதபோதே கோடு கிழித்தது. மூன்று முறை புகார் கொடுத்தாயிற்று. ஆளே வராமல் மூன்றுக்கும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஓடவில்லையென்றால் பலகையைக் கழற்றிப் பழுதுபார்த்துச் சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

“இதை உட்டா எனக்கு வேற போர்டு தரமாட்டாங்கண்ணே,” என்றார் டீச்சர். காலையில் கொண்டுவந்த டிபன் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

ஒருவழியாக எழிலன் என்கிற சர்வீஸ்காரன் வீடியோவில் வந்தான். சிதம்பரம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தான்.

“மேடம், மூலையைக் காட்டுங்க. இன்னும் கிட்ட. அது என்ன மஞ்சளா?”

“சந்தனம்,” என்றார் பழனிவேல். “பூஜைக்கு நான்தான் வெச்சேன். அதுக்கு என்னா இப்போ?”

“சட்டத்துக்கு உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது பெரியவரே. அதை அடைச்சிட்டீங்க. யாரோ விரலை எடுக்காமயே வெச்சிருக்காங்கன்னு போர்டு நெனச்சுக்குது. ஈரத்துணியால தொடைங்க.”

“கண்ணுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் சிதம்பரத்துலேர்ந்து தெரியுதா? நீ இருக்கிறதும் சிதம்பரம், போர்டு போவப்போறதும் சிதம்பரம். எனக்குத் தெரியாதா?”

“எனக்கு எதுக்கு போர்டு? எங்க வூட்ல அவ்ளோ பெரிய சுவரே கெடையாது.”

டீச்சர் துணியை நனைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “நானே தொடச்சிடுவேண்ணே. சாமிக்கு வெச்சது. மாதா கோயிலுக்குப் போறவ அழிச்சிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்.”

பள்ளி வேனுக்கும் இதே சந்தனம்தான். ஓடுகிறது. தண்ணீர் மோட்டாருக்கும் வைத்தார். இறைக்கிறது. இதற்கு மட்டும் என்ன நோவு? பழனிவேல் டீச்சர் முகத்தைப் பார்த்தார். துணியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“பாடலீஸ்வரா, பொறுத்துக்க.”

நான்கு மூலையும் துடைத்தாயிற்று. டீச்சர் தயங்கி ஒரு விரலை வைத்தார். கணக்குப் பாடம் திறந்தது. கோடு எதுவும் ஓடவில்லை. இன்னொரு முறை தொட்டார். தொட்டதுதான் திறந்தது.

“ஓடுதுண்ணே!”

“அப்போ புகாரை முடிச்சிடலாமா மேடம்?” என்றான் எழிலன்.

“இப்பத்தான் முடிக்கணும் நீங்க.”

பழனிவேல் துணியை வாளியில் போட்டார். “இவ்ளோ நேரம் சும்மா கெடந்துச்சில்ல, சூடு ஆறியிருக்கும். ஆறினா எதுவும்தான் ஓடும்.”

“அடுத்த வருஷம் வெக்காதீங்க பெரியவரே,” என்றது போன்.

அவர் வெளியே நடந்தார். பீரியட் மணி அடிக்க நேரமாகிவிட்டிருந்தது. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் பூஜைக்கு அவர் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

“இதுக்கு ஒரு நோவும் வர்ல,” என்று முனகிக்கொண்டே மணியை அடித்தார்.