பக்கவாட்டில் வந்த காற்று

அந்த வானிலை நிலையத்தின் தலைவருக்கு வாய் ரொம்ப நீளம். பதினெட்டு வருடமாக ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பலூன் பறப்பதைப் பார்த்தவர். அதன் அடியில் தொங்கும் ஓசோன் கருவியை ஒருநாளும் தொட்டதில்லை. அதைத் தயார் செய்வது அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் பொறுப்பு. நிலையத்தில் அவளுக்கு 'ஓசோன் அக்கா' என்றே பெயர்.

திங்கட்கிழமை விட்ட பலூன் வம்பை இழுத்து வந்தது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் திடீரென்று மூன்று மடங்கானது. ஈரப்பதம் அடியோடு விழுந்தது. பன்னிரண்டைத் தாண்டியதும் இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. இவ்வளவு வறண்டு, இவ்வளவு ஓசோனோடு இருப்பது மேகங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் அடுக்கு மண்டலக் காற்றுதான்.

"அடுக்கு மண்டலம் நம்ம தலைக்கு மேல பதினேழு கிலோமீட்டர் தாண்டித்தாம்மா இருக்கு. ஏணி வச்சு இறங்கி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் தானே சிரித்துக்கொண்டார்.

"இறங்கி வரல சார், பக்கவாட்டுல வந்திருக்கு. துருவத்துப் பக்கம் போனா அது பத்து கிலோமீட்டர்லயே ஆரம்பிச்சிடுது. அங்க மேல்காத்து வளைஞ்சு முறியறப்ப, அதுல ஒரு துண்டு நம்ம பக்கம் நீண்டு வந்துடும்."

"கதை விடாதீங்க. கருவியைச் சரியா தயார் பண்ணல, அவ்வளவுதான். இன்னொரு தடவை இப்படி வந்தா ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க. என் மச்சினன் இதைப் பாத்துப்பான்."

மச்சினனை உள்ளே நுழைக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று நிலையத்துக்கே தெரியும். பன்னிரண்டு வருடமாக, கருவியில் ஊற்றும் கரைசலில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவள் செய்த வேலை அது.

செவ்வாய்க்கிழமைப் பலூனும் அதே உயரத்தில் அதையே சொன்னது.

"ரெண்டையும் தயார் பண்ணது நீங்கதானே? அப்ப ரெண்டுலயும் ஒரே தப்பு," என்றார் தலைவர்.

"அப்ப மூணாவதை நீங்களே தயார் பண்ணுங்க சார்."

பலூனுக்கு வாயு நிரப்புகிறவர் பக்கத்திலேயே நின்றார். அவர் எதிரில் மாட்டேன் என்று சொல்லத் தலைவரின் கௌரவம் விடவில்லை.

புதன்கிழமை காலை தலைவர் கையுறையைப் பெரிய வைத்தியர் மாதிரி மாட்டிக்கொண்டார். கருவிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கரைசல். அவர் இரண்டையும் மாற்றி ஊற்றப் போனார்.

"சார், அது..."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"பறக்க விடறதுக்கு முன்னாடி ஒருதரம் சோதிச்சுப் பாத்துடலாம் சார்."

"அதெல்லாம் பயந்தவங்க பண்றது."

மாற்றி ஊற்றிய கருவியை அவரே பலூனில் கட்டினார்.

பலூன் ஏறியது. திரையில் ஓசோன் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பதினோரு கிலோமீட்டர் வந்ததும் தலைவர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல!"

பதினைந்திலும் ஒன்றும் இல்லை. ஓசோன் மண்டிக் கிடக்கும் இருபத்தைந்திலும் ஒன்றும் இல்லை.

"சாரோட பலூன்படி உலகத்துல ஓசோனே தீர்ந்துபோச்சு போல," என்றார் வாயு நிரப்புகிறவர்.

அவள் திரையில் இன்னொரு கோட்டைக் காட்டினாள். பதினோரு கிலோமீட்டரில் ஈரப்பதம் அடியோடு விழுந்து, பன்னிரண்டில் எழுந்திருந்தது. முதல் இரண்டு நாளும் போலவே.

"ஈரம் அளக்கறது தொழிற்சாலையிலேயே சீல் வச்சு வருது சார். அதுல உங்க கை படல. அதனாலதான் வறண்ட காத்து வந்திருக்குன்னு சரியா சொல்லுது."

பதிவேட்டைத் தலைவர் முன்னால் நகர்த்தினாள். பேந்தப் பேந்த விழித்தவர் கடைசியில் ஓசோனுக்கு எதிரே 'தயாரிப்பில் தவறு' என்றும், ஈரப்பதத்துக்கு எதிரே 'சரி' என்றும் எழுதி, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு நீங்களே பண்ணிடுங்கம்மா," என்றார், பதிவேட்டைப் பார்த்தபடியே.

அவளுக்கு அவர்மேல் துளிகூடப் பரிதாபம் வரவில்லை.